தள்ளிப்போன கும்பிடு

பேரூராட்சித் தேர்தல் அறிவித்த அன்று கூப்பிய கைகளை வேட்பாளர் தவசிமுத்து இன்னும் பிரிக்கவில்லை. வாக்குப்பதிவு முடிவதற்குள் கை பிரிந்தால் வெற்றி கிடையாது என்று ஜோதிடர் சொல்லியிருந்தார். இரண்டு வார வேலைதானே என்று தவசிமுத்து நினைத்தார். வார்டு எல்லை தப்பு என்று ஒருவர் வழக்குப் போட, தேர்தல் தள்ளிப்போனது. பிறகு மழைக்காகவும் தள்ளிப்போனது. மனைவி அமிர்தக்கனி அவருக்குச் சோறு ஊட்டினாள். தோளில் பித்தான் வைத்துச் சட்டை தைத்தாள். குழம்பில் உப்பு குறைந்த அன்று, பழைய பழக்கத்தில் கை அவள் முகத்துக்கு நேரே உயர்ந்தது. உயர்ந்தும் கும்பிடாகவே நின்றது. "பரவால்லம்மா, நீங்களும் ஒரு ஓட்டுதான" என்றார். அவள் கன்னத்து வீக்கம் வடிந்து, சிரித்தால் குழி விழுவது தெருவுக்கே தெரியவந்தது.

ஒருநாள் தவசிமுத்து குதித்துக்கொண்டு வந்தார். "ஏளா, கேஸு தள்ளுபடி, தேதி சொல்லிட்டான். ஓட்டு முடியட்டும், இந்தக் கைக்கு நெறைய வேல பாக்கி கெடக்கு."

அமிர்தக்கனி அன்றே அதிரசம் சுட்டு, தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு, வழக்குப் போட்ட நயினார் வீட்டுக்குப் போனாள்.

"தோத்த கேஸுக்கா தாயி அதிரசம்?" என்றார் அவர், முகம் தொங்க.

"இத்தன நாள் இழுத்தீயள்லாண்ணே, அதுக்கு."

தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளும் கையைக் கூப்பினாள். "இதுக்கு மேலயும் ஒரு கோர்ட்டு இருக்காம்லா?"