தகுதிச் சான்று

"மூக்குக்குக் கீழ இந்தப் பூனைமுடியை வளர்த்துட்டா ஆம்பளை ஆயிடலாம்னு உனக்கு யாரு சொன்னது?"

எதிர் நாற்காலிகளில் இருந்த இருவரில், ஒல்லியாக இருந்தவன் மேல் விழுந்தது கேள்வி. கேட்டவர் அந்த மருத்துவமனையின் மூத்த டாக்டர். 'ஆபரேஷனைத் தாங்கும் உடம்பு' என்று அவர் கையெழுத்துப் போடாமல் யாரையும் அரங்குக்குள் தள்ளிக்கொண்டு போக முடியாது.

மேசையில் கிடந்தது அவருக்குப் பிடிக்காத ஃபைல். பெண் என்று வளர்க்கப்பட்டு, ஆணாக வாழும் ஒருவர் மார்பை அகற்றிக்கொள்வதற்கானது. ஏற்கெனவே இரண்டு முறை அதை வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார். இரண்டு தேதிகள் வீணாய்ப் போயின. "ஆளை நேர்ல பார்க்காம எழுத மாட்டேன்" என்று சொல்லியனுப்பினார். இன்று வந்தாயிற்று, கூடவே தாட்டியான ஒரு தாடிக்காரரும்.

"டாக்டர், ஒரு நிமிஷம்..." என்று தாடிக்காரர் வாயெடுத்தார்.

"உங்ககிட்ட அப்புறம் வரேன். முதல்ல இது பேசட்டும்."

'இது' என்றதும் ஒல்லியின் காது மடல் சிவந்துவிட்டது.

"எப்ப இருந்து உனக்கு இந்த நினைப்பு?"

"எந்த நினைப்பு?"

"ஆம்பளைங்கற நினைப்பு."

"பொறந்ததுல இருந்தே" என்றான் ஒல்லி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல."

ரத்த அழுத்தக் கருவியோடு நின்றிருந்த சிஸ்டர் மெல்ல நெருங்கினாள். "டாக்டர், ஃபைல்ல ஒரு தடவை..."

"பார்த்தாச்சும்மா. ரத்தம், ஈசிஜி எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. இப்ப கோளாறு உடம்புலயா, புத்தியிலயா? நீ சும்மா இரு." ஃபைலைப் பட்டென்று மூடினார். சிஸ்டரின் விரல் நசுங்காமல் தப்பியது.

பிறகு ஒல்லியிடம் குனிந்து, சின்னப் பிள்ளைக்குப் பூச்சாண்டி காட்டுவதுபோல் ஆரம்பித்தார்.

"கேட்டுக்கோ. ரெண்டு பக்கமும் குழாய் தொங்கும். ஒரு வாரம் ரத்தத் தண்ணி இறங்கிட்டே இருக்கும். கையைத் தோளுக்கு மேல தூக்க முடியாது, தலை சீவக்கூட இன்னொருத்தர் வரணும். மல்லாந்துதான் படுக்கணும். வாரக்கணக்குல இறுக்கமான பனியன். மாருக்குக் குறுக்க ஆயுசுக்கும் தழும்பு. காம்புல உணர்ச்சி போனாலும் போயிடும். அப்புறம் ஐயோன்னாலும் வராது, அம்மான்னாலும் வராது!"

தாடிக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்தார். "லாரி ஸ்டீயரிங் எப்ப பிடிக்கலாம் டாக்டர்?"

"இருக்கற கவலையில இது ஒண்ணுதான் குறைச்சல்! லாரியை நீங்க ஓட்டுங்க."

"ஆறு வாரமா, எட்டு வாரமா?"

"எட்டு!" என்று எரிந்து விழுந்தார் டாக்டர். தாடிக்காரர் அதையும் எழுதிக்கொண்டார்.

ஒல்லி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்பக்கமாகச் சாய்ந்தது. "போதும், எழுந்திருங்க மாமா! இந்த ஆள் வாயில விழுந்து எழுந்திருக்கணும்னு நமக்கு என்ன தலையெழுத்தா?"

கதவுக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். தாடிக்காரர் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"உட்காரு. இது மூணாவது தேதி. கையெழுத்து வாங்காம நான் இந்த ரூமை விட்டு நகரப்போறதில்ல."

'மாமா' என்ற சொல் டாக்டருக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அப்பாடா, வீட்டுப் பெரியவர் ஒருவர் அகப்பட்டார். குரலைத் தேனில் தோய்த்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, உங்களைப் பார்த்தா விவரமான மனுஷனா தெரியுது. பெத்தவ வயிறு எரியாதா? நாளைக்கு இதை யாரு கட்டிப்பா?"

"அம்மா அழுதாங்க" என்றார் தாடிக்காரர். "எட்டு வருஷம் முகம் குடுத்துப் பேசல. போன மாசம் அவங்களே மெஷின்ல உட்கார்ந்து, முன்னாடி பட்டன் வச்ச சட்டை நாலு தைச்சுக் குடுத்தாங்க. கையைத் தூக்காம மாட்டிக்கலாம்னு."

"ஓ, அம்மாவையும் மயக்கியாச்சா!"

டாக்டருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். தாடிக்காரரின் தோளில் உரிமையோடு ஒரு தட்டுத் தட்டி, கையை அங்கேயே வைத்துக்கொண்டு ஒல்லியை முறைத்தார்.

"இங்க பாரு. இந்தத் தோளைப் பாரு. தாடியைப் பாரு. குரலைக் கேட்டியா? இதுக்குப் பேருதான் ஆம்பளை! இதெல்லாம் பொறப்புல வரணும், கத்தியை வச்சு வரவழைக்க முடியாது." தாடிக்காரர் பக்கம் குனிந்தார். "ஒரு ஆம்பளையா, நீங்களே இதுக்குப் புத்தி சொல்லுங்க ஐயா."

சிஸ்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒல்லி வாயைத் திறக்கப் போனான். தாடிக்காரர் தலையசைத்து அவனை நிறுத்தினார்.

தோளில் இருந்த கையை இரண்டு விரலால் எடுத்து, ஃபைல் மேல் கொண்டுபோய் வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றி, அந்த விரல்களுக்கு நடுவே செருகினார். டாக்டர் ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"இவன் என் பொண்டாட்டியோட தம்பி. துணைக்கு வந்தான்" என்றார் தாடிக்காரர். குரல் உயரவே இல்லை.

"கையெழுத்தைப் போடுங்க டாக்டர். பேஷண்ட் நான்தான்."