தீவுகள் தேடி வந்த பல்லி

தீவு தீவாகச் சுற்றிக்கொண்டிருந்த சின்னப் படகு ஒன்று. அதன் பாய்மரத்திலேயே பிறந்து வளர்ந்தது ஒரு பல்லி.

அன்றைக்கு ஒரு தீவில், கரையோரத் தென்னையில் கயிற்றைக் கட்டிப் படகை நிறுத்தியிருந்தார்கள். முதுகில் சங்கைச் சுமந்துகொண்டு ஒரு நண்டு வந்து அண்ணாந்து பார்த்தது.

"வாங்கண்ணே, எந்த ஊரு?"

"நான் எங்கேயும் போறதில்லை தம்பி. தீவுங்கதான் என்னைப் பார்க்க வரும். நேத்து வந்தது பூரா வாழை. அதுக்கு முன்னாடி வந்தது வெறும் மொட்டைப் பாறை. இன்னைக்கு உன்னோடது வந்திருக்கு" என்றது பல்லி.

நண்டுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அண்ணே, எங்க தீவு இருந்த இடத்தை விட்டு அசைஞ்சதே இல்லை. நகர்றது உங்க படகு!"

பல்லிக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் வீட்டைப் பத்தி எனக்கே சொல்றியா? உன் தீவு கிளம்புறப்போ அது மேலேயே நின்னு காட்டறேன், பாரு!" என்று கயிற்று வழியே விறுவிறுவென்று இறங்கித் தென்னையில் ஒட்டிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் படகுக்காரர் வந்து கயிற்றை அவிழ்த்தார். பாய் விரிந்து காற்றைப் பிடித்தது. கண்ணெதிரே வீடு சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்த பல்லிக்கு, திறந்த வாய் மூடவில்லை. அதிர்ச்சியில் வால் தானாக அறுந்து மணலில் விழுந்து துடித்தது. குனிந்து தென்னையின் வேரைப் பார்த்தது. வேர் அசையவே இல்லை.

"அண்ணே..." என்றது நண்டு மெதுவாக.

"என்னடா இது, உன் தீவு இந்த ஓட்டம் ஓடுது!" என்று அலறியது பல்லி. "நிறுத்தச் சொல்லுடா! நான் இறங்கணும்!"