எட்டாவது நட்டு

“தம்பி, நிறுத்துங்க! அதைச் சரி பண்ணிடாதீங்க!”

தலைதெறிக்கப் பட்டறைக்குள் ஓடி வந்தவளைப் பார்த்து மெக்கானிக் கொஞ்சமும் அசரவில்லை. இன்ஜினை மூடுவதற்காகக் கையில் எடுத்திருந்த மேல்மூடியோடு அப்படியே நின்றார்.

“எதைக்கா?”

“அந்த டிக் டிக் சத்தத்தை!”

அவள் கணவர் நூலகத்தில் தலைமை நூலகர். அங்கே பழகிய அமைதியை வீட்டிலும் எதிர்பார்ப்பார். நாற்காலியை இழுத்தால் பல்லைக் கடிப்பார், ஞாயிறு தவறாமல் கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விடுவார்.

அப்பேர்ப்பட்ட மனிதரின் கார்தான் நாலு வருடமாகத் தெருமுனையிலிருந்தே தையல் மெஷின் மாதிரி அடித்துக்கொண்டு வரும். கேட்டால், “வயசான வண்டி, முணுமுணுக்கத்தான் செய்யும்” என்பார். போன வாரம் கேஸ்கெட் போய் இன்ஜினைப் பிரிக்க வேண்டி வந்ததில்தான் வந்தது வினை.

“பிரிச்சு மாட்டினா எட்டு வால்வையும் திரும்ப செட் பண்ணித்தானேக்கா ஆகணும்,” என்றார் மெக்கானிக். குனிந்து, ஒரு மெல்லிய இரும்பு ராடை இரண்டு விரலால் உருட்டிக் காட்டினார். “இதோட ஆட்டம் நிக்கிற வரைக்கும் நட்டை இறுக்கணும். அதுக்கு மேல முக்கால் சுத்து. அப்பத்தான் கீழ இருக்கிற லிஃப்டர், உள்ள இருக்கிற எண்ணெயை வெச்சு இடைவெளி விழாம தாங்கிக்கும். சத்தம் வராது. ஏழு நட்டு ஆச்சு, இது ஒண்ணுதான் இறுக்கல.”

“அந்த ஒண்ணு போதும் தம்பி. லூசாவே விட்டுடுங்க.”

“ஏன்க்கா?”

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். வேறு வழியில்லை, போட்டு உடைத்துவிட்டாள்.

“வீட்ல சீட்டாடுறோம்.”

தினமும் சாயங்காலம் அவள், மகன், மகள், மாமனார் என்று நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். மாமனார் வெட்கமே இல்லாமல் தொடைக்கு அடியில் ஜோக்கரை ஒளித்துவைப்பார். பேரப்பிள்ளைகள் கண்டுபிடித்துக் கத்துவார்கள். வாய்விட்டுச் சிரிக்க அந்த வீட்டுக்கு வாய்த்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

ஆனால், “சீட்டுக்கட்டு என் கண்ணுல பட்டுச்சுன்னா, நேரா அடுப்புக்குத்தான் போகும்” என்று கணவர் என்றைக்கோ சொல்லியாகிவிட்டது. சொன்னால் சொன்னபடி செய்கிற ஆள்.

“தெருமுக்குல டிக் டிக் கேட்டா நாப்பது எண்ணுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். சீட்டு அரிசி டப்பாவுக்குள்ள போயிடும், பிள்ளைங்க புத்தகத்துக்குள்ள போயிடும், மாமா குறட்டையே விட ஆரம்பிச்சிடுவாரு. இப்ப சத்தமில்லாம வந்து நின்னாருன்னா கையும் களவுமா மாட்டுவோம்!”

“இந்த வாரம் முழுக்க வண்டி இங்கதானே இருக்கு? எப்படி சமாளிச்சீங்க?”

“பஸ்ல வர்றாரு. நல்லவேளை, மனுஷனுக்கு சளி பிடிச்சிருக்கு. வாசல் கேட்டுக்கிட்ட நின்னு ரெண்டு நிமிஷம் லொக்கு லொக்குன்னு இருமிட்டுத்தான் உள்ளயே வர்றாரு. அதுலதான் தப்பிச்சோம். ஆனா மனசு கேக்கல தம்பி, நானும் மூணு வேளையும் இருமல் மருந்து ஊத்துறேன். மூஞ்சியை அஷ்டகோணலாக்கிக்கிட்டுக் குடிக்கிறாரு. நாளைக்கே குணமாயிட்டா எங்க கதி?”

மெக்கானிக் உதட்டைக் கடித்துக்கொண்டார். அது சிரிப்பை அடக்கத்தான் என்பது அவளுக்குப் புரியவில்லை.

“லூசா விட்டா இன்ஜின் கெட்டுடுமா தம்பி?” என்றாள் கவலையாக. எவ்வளவு ஆசை இருந்தாலும் அவருடைய வண்டியைப் பாழாக்க மனம் வரவில்லை.

“உடனே ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் கொஞ்சமா தேயும். வருஷத்துக்கு ஒரு தடவை கொண்டாந்து காட்டினா பாத்துக்கலாம்.”

“அப்ப விட்டுடுங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும்.”

“விடலாம்தான். ஆனா இந்த நட்டு விஷயமா காலையிலயே சார் போன் பண்ணிட்டாருக்கா. நானும் வாக்கு குடுத்துட்டேன்.”

அவளுக்குப் பகீரென்றது. இன்று சாயங்காலத்தோடு எல்லாம் முடிந்தது. மாமனாரின் ஜோக்கரும் பிள்ளைகளின் கும்மாளமும் இனி இல்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

“துளி சத்தம் கூட வரக் கூடாதுன்னு சொல்லிட்டாரா?”

மெக்கானிக்கால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. சிரித்தபடியே மேல்மூடியை இன்ஜின் மேல் வைத்தார்.

“இல்லக்கா, நாலு வருஷமா இருக்கிற மாதிரியே அதை லூசா விடச் சொன்னாரு. கேட்டுல நின்னு இருமி இருமித் தொண்டையே போச்சாம்!”