பாதிக் கடலில் திரும்பிய கப்பல்

முரடன் ஓர் இழுவைப் படகு. பெரிய கப்பல்களைக் கயிறு கட்டித் துறைமுகத்துக்குள் இழுத்து வருவது அவன் வேலை. அன்று வெண்முகில் என்ற கப்பலுக்காகக் காத்திருந்தான். பனியைவிடக் குளிரவைத்துத் திரவமாக்கிய எரிவாயுவை வயிறு நிறைய ஏற்றிக்கொண்டு அவள் வருவதாக இருந்தது. அந்த வாயு வந்தால்தான் ஊருக்கு மின்சாரம்.

அவள் வரவில்லை. கடல்காக்கை ஒன்று வந்து சேதி சொன்னது. "பாதிக் கடலில் திரும்பிவிட்டாள். வேறொரு ஊர் கூடுதல் விலை தருகிறதாம்."

ஊர் இருண்டது. பிரசவ ஆஸ்பத்திரியில் மின்விசிறிகள் நின்றன. தாய்மார்கள் பச்சைக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காற்றுக்காகத் துறைமுகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். புழுக்கத்தில் வீறிட்ட அந்த அழுகையைத் தினமும் கேட்டுக் கொதித்துப் போனான் முரடன்.

அடுத்த மாதம் வெண்முகில் வயிறு நிறைய வாயுவோடு சிரித்துக்கொண்டே வந்து நின்றாள்.

"என்ன முரடா, ஒரு வணக்கம்கூட இல்லையா? அங்கே எனக்கு மாலை போட்டார்கள், தெரியுமா?"

"இங்கே பிள்ளைகள் அழுதது உனக்குத் தெரியுமா?"

"என்மேல் ஏன் கோபப்படுகிறாய்? முதலாளிகள் திரும்பு என்றார்கள், திரும்பினேன்."

"இங்கே காத்திருப்பார்களே என்று ஒரு தடவையாவது நினைத்தாயா?"

"அதெல்லாம் என் வேலை இல்லையப்பா."

அவளை அப்படியே நடுக்கடலுக்குத் தள்ளிவிடலாமா என்றிருந்தது முரடனுக்கு. ஆனால் ஊர் இன்னும் இருட்டில் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை மாட்டி இழுத்தான்.

"ஐயோ, மெதுவாக இழு! வலிக்கிறது!" என்று அலறினாள் வெண்முகில்.

"வலிக்கட்டும்" என்றான் முரடன். வேகத்தைக் குறைக்கவில்லை.