இரண்டாவது தையல்

பென்கோ சட்டைகளைப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தான். மடிக்கக்கூட அவனுக்குப் பொறுமை இல்லை. கட்டிலில் அவன் மனைவி ருமியானா, துண்டில் சுற்றிய ஐஸைக் கன்னத்தில் அழுத்தியபடி, அவன் பக்கமே திரும்பாமல் ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

வாசலில் நின்ற ருமியானாவின் அக்கா வெஸ்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. தங்கையைக் கவனித்துக்கொள்ள வரச் சொல்லி பென்கோதான் போன் செய்திருந்தான். சிலிஸ்த்ராவில் பஸ் பிடித்து, தயிர் சூப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ரூஸே வந்து சேர்ந்தால், இவன் பெட்டி கட்டுகிறான்.

"எங்க கிளம்பிட்டே?"

"ஆத்தங்கரைத் தோட்டத்து வீட்டுக்கு, அக்கா. ரெண்டு வாரம் அங்கதான்."

"ரெண்டு வாரமா? இவளை இப்படிப் போட்டுட்டா?"

"அதான் நீங்க வந்துட்டீங்களே."

ருமியானாவுக்கு மேல்வரிசையில் ஒரு பல்லின் ஈறு மேலே ஏறி, வேர் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் உயிர் போகும். வசந்த காலத்தில் அவள் மேலண்ணத்திலிருந்தே கொஞ்சம் சதை எடுத்து, அந்த இடத்தை மூடித் தைத்தார்கள். நாலாம் நாளே தையல் பிரிந்து, வைத்த சதை கழன்று வந்துவிட்டது.

இன்று அண்ணத்தின் மறுபக்கத்திலிருந்து எடுத்து வைத்திருக்கிறார்கள். "இதுவும் ஒட்டலைன்னா அந்தப் பல்லு நிக்காது" என்று டாக்டர் தனேவா சொல்லிவிட்டார். பேசக் கூடாது, கடித்துத் தின்னக் கூடாது, உதட்டை இழுக்கவே கூடாது. வெளியே வரும்போது பென்கோவை மட்டும் தனியாக அழைத்து ஏதோ சொன்னார். அதிலிருந்து அவன் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறான்.

வெஸ்கா பாத்திரத்தை மேஜை மேல் வைத்தாள். "ஏன் போறேன்னு வாயைத் திறந்து கேட்கக்கூட முடியாதவளை விட்டுட்டுப் போறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ என்னை எதிர்த்துப் பேசாத முதல் நாள் இது, அக்கா. நாலு பேருக்குச் சொல்லிட்டு வர வேணாமா?"

சொன்ன வேகத்தில் அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். ருமியானா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துப் போர்வையை இழுத்துத் தலையை மூடினாள்.

வெஸ்காவுக்கு ரத்தம் கொதித்தது. எதிரே போய் நின்று பெட்டியின் மேல் கையை வைத்தாள். "உண்மையைச் சொல்லு. அந்தத் தோட்டத்துல யார் இருக்கா?"

"யாரும் இல்லைக்கா, விடுங்க."

"யாருன்னு கேட்கிறேன்!"

"பக்கத்துத் தோட்டத்து ஆடு. தாடிதான் கொஞ்சம் ஜாஸ்தி, மத்தபடி தங்கமான குணம்."

போர்வை குலுங்கியது. முதலில் லேசாக, பிறகு கட்டிலே ஆடும்படி.

"பாவி! அவ எப்படி அழறா பாரு!" வெஸ்கா ஓடிப் போய்த் தங்கையை அணைத்துக்கொண்டாள். போர்வையை விலக்கினால், ருமியானாவின் கண்களிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்துகொண்டிருந்தது. ஒரு கையால் உதடுகளை இறுக்கிப் பிடித்திருந்தாள். மறு கையை பென்கோவை நோக்கி வீசினாள். போ, போ என்று.

பென்கோவின் முகம் வெளுத்தது. பெட்டியை இழுத்து மூடி, பாதி வெளியே தொங்கிய சட்டைக்கையோடு தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து வெளியேறினான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெஸ்கா விடவில்லை. லிஃப்ட் வேலை செய்யாத அந்தக் கட்டடத்தில் தடதடவென்று படியிறங்கிப் போய், தெருவாசலில் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"போன தடவையும் இப்படித்தான் விட்டுட்டு ஓடினியா? அதனாலதான் அவளுக்குத் தையல் பிரிஞ்சுதா?"

பென்கோ பெட்டியைக் கீழே வைத்தான். அப்போதுதான் அவன் கண்களும் கலங்கியிருப்பதை வெஸ்கா பார்த்தாள்.

"போன தடவை ஓடலை அக்கா. ஒரு நிமிஷம்கூட அவளை விட்டு நகரலை. லீவு போட்டுட்டுப் பக்கத்துலயே உட்கார்ந்து ஸ்பூன்ல சூப் ஊட்டினேன். அவ வலியில சுருண்டு கிடந்தா, எனக்குப் பார்க்கப் பொறுக்கலை. அவளைத் தேத்தணும்னு ஏதேதோ பேசிட்டே இருந்தேன். நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன்."

"பேசினா தையல் பிரியுமா? யாருக்குக் காது குத்தறே?"

"டாக்டரே சொல்லிட்டாங்க அக்கா, ஒட்டற வரைக்கும் நான் வீட்டுப் பக்கமே வரக் கூடாதுன்னு."

"அப்போ மேல அவ அப்படித் துடிச்சு அழுதாளே, அது?"

பென்கோ அவள் வாயைப் பொத்துவதுபோல் கையைக் காட்டி, நாலாவது மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்துவிட்டு, கிசுகிசுத்தான்:

"அவ அழலைக்கா... நான் வாயைத் திறந்தாலே அவளால சிரிப்பை அடக்க முடியாது!"