தேதி மட்டும் சொல்லக் கூடாது

"சுத்தி வளைக்காதீங்க செயலாளர் சார்! கப்பல்ல மாட்டிக்கிட்ட பதினாலு பேரும் எப்ப வீடு வந்து சேருவாங்க? தேதி சொல்லுங்க!"

நாடாளுமன்றக் குழுவின் விசாரணை அறை அதிர்ந்தது. கேட்டவர் எதிர்க்கட்சி உறுப்பினர். வெளியுறவுத் துறையில் அவருக்கு வைத்திருந்த பெயர் 'பீரங்கி அம்மா'. மேஜைக்கு இந்தப் பக்கம் வெளியுறவுத் துறைச் செயலாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு நேர் பின்னால், சுவரோர நாற்காலியின் நுனியில் அவள். துறைக்குப் புதிதாக வந்த இளம் அதிகாரி. கேள்வி வர வர, பதிலைச் சீட்டில் எழுதி முன்னால் நீட்ட வேண்டும். வாயைத் திறக்க வேண்டியதில்லை என்பதால் அவளுக்குப் பிடித்த வேலை.

'பேச்சுவார்த்தை முன்னேற்றத்தில் உள்ளது' என்று எழுதி நீட்டினாள். செயலாளர் வாங்கி, பிரிக்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அது வந்து... முயற்சி பண்ணிக்கிட்டிருக்கோம் மேடம்."

"மூணு மாசமாவா? கப்பல் முதலாளி கைவிட்டுட்டு ஓடிட்டான். வெளிநாட்டுத் துறைமுகத்துல கரை இறங்க விடலை. நீங்க இங்க ஏசியில உக்காந்து முயற்சி பண்றீங்க!"

அறை முழுக்கச் சிரிப்பு. கண்ணயர்ந்திருந்த குழுத் தலைவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவளுக்குப் பதறியது. நல்ல பதில்தான் கையில் இருக்கிறதே! கப்பலைக் காவல் காக்க மாற்று ஆட்களை அனுப்பினால் பதினாலு பேரையும் விடுவதாகத் துறைமுகமே சொல்லிவிட்டது. அந்தச் செலவுக்கு அனுமதி கேட்டுப் போன கோப்புதான் நிதித்துறையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. அதையும் எழுதி நீட்டினாள். அதுவும் பைக்குள் போனது.

இவருக்கு என்ன ஆயிற்று இன்றைக்கு?

"இன்னும் கேளுங்க!" பீரங்கி அம்மா எழுந்தே நின்றுவிட்டார். "குடிக்கத் தண்ணி இல்லாம, தார்ப்பாயை விரிச்சு மழைத்தண்ணி பிடிக்கிறாங்க. சமையல்காரர் கடைசி அரிசி மூட்டையைத் தலைக்கு வெச்சுப் படுக்கிறார், யாரும் கை வெச்சிடக் கூடாதுன்னு. இது தெரியுமா உங்களுக்கு?"

அவள் கையிலிருந்த பேனா நழுவிக் கீழே விழுந்தது.

அந்த அரிசி மூட்டை, கப்பல் கேப்டன் தூதரகம் வழியாக அனுப்பிய ரகசியச் செய்தியில் இருந்தது. அதைப் படித்தவர்கள் இரண்டே பேர். பிரித்த அவளும், அவள் கொண்டுபோய்க் கொடுத்த செயலாளரும்.

பக்கத்து நாற்காலியிலிருந்த இணைச் செயலாளர் அவள் பக்கம் சாய்ந்தார். "ஏம்மா, கேப்டன் ரகசியமா ஏதோ செய்தி அனுப்பினாராமே, அதுதானே இது? அந்தம்மா வாய்ல எப்படி?"

"எனக்குத் தெரியாது சார்."

"உன் கை வழியா வந்த செய்திதானே? பின்னே, செயலாளரா போய்ச் சொல்லியிருப்பார்? வேலைக்குச் சேர்ந்த சூட்டோட சீட்டைக் கிழிச்சுக்கிட்டியே!"

பீரங்கி அம்மாவின் எண் அவளிடம் இருப்பது உண்மைதான். போன வாரம் செயலாளர்தான், "கூட்டம் வருது, வெச்சுக்கோ, தேவைப்படும்" என்று கொடுத்தார். கேப்டனின் மனைவி தினமும் காலையில் கூப்பிட்டு, "தங்கச்சி, ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்கும்போதெல்லாம் இவள் அந்த எண்ணை எடுத்துப் பார்ப்பாள். அழுத்தத்தான் விரல் வராது. தெரியாதவர்களிடம் போனில் பேசுவதென்றாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"தேதி! தேதி! தேதி!" மற்ற உறுப்பினர்களும் மேஜையைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

துறையில் சேர்ந்த முதல் நாளே அவளுக்குச் சொன்ன பாடம் அது. குழுவில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், தேதி மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் பதிவில் ஏறிவிடும். அப்புறம் அரசாங்கமே தலைகீழாக நின்றாவது நடத்திக் காட்ட வேண்டும்.

பேனாவைப் பொறுக்கி எடுத்தாள். 'சார், தேதி சொல்லிடாதீங்க!' என்று கொட்டை எழுத்தில் எழுதி நீட்டினாள்.

இதை மட்டும் செயலாளர் பிரித்துப் படித்தார். நிதானமாக மடித்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"வர்ற வெள்ளிக்கிழமை. பதினாலு பேரும் வீட்ல இருப்பாங்க."

தட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன. எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்திருந்த நிதித்துறை அதிகாரி துள்ளி எழுந்தார். "அதுக்கு எங்க அனுமதியே இன்னும்..."

"உக்காருங்க!" என்றார் குழுத் தலைவர். "குழுவுக்குக் குடுத்த வாக்கு. எந்தத் துறையும் இனி குறுக்கே நிக்க முடியாது. பதிவு பண்ணிக்கோங்க!"

அறையில் ஆரவாரம். பீரங்கி அம்மா வெற்றிப் பெருமிதத்தோடு கைப்பையை மாட்டிக்கொண்டார்.

திரும்பி வரும்போது லிப்டில் யாரும் அவள் பக்கத்தில் நிற்கவில்லை. அலுவலகம் வந்ததும் அழைப்பு வந்தது. செயலாளரின் அறைக்குள் போனாள்.

"கதவைச் சாத்திட்டு வா."

சாத்தினாள். அங்கேயே நின்றாள். "சார், சத்தியமா நான் அவங்ககிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லலை."

"தெரியும்."

"வேற யார்னும் புரியலை சார். அந்தச் செய்தியைப் படிச்சது நாம ரெண்டு பேர்தானே? நான் சொல்லலைன்னா..."

சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

செயலாளர் சட்டைப் பையிலிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"ஏம்மா, உன்னை நம்பி நம்பரைக் குடுத்தா, ஒரு வாரமா வாயே திறக்கலையே நீ! கடைசியில இந்த வயசுல, குரலை மாத்திப் பேசி நானே அந்தம்மாகிட்ட சொல்ல வேண்டியதாப் போச்சு."