மிதப்பு

“ஆறு நிமிஷம். காணாது, மோகனா.”

அன்னபாக்கியம் டீச்சர் ஸ்டாப்வாட்சை நிறுத்திவிட்டு நோட்டில் எழுதினார். நீச்சல் குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மோகனா மூச்சு வாங்கினாள்.

“டீச்சர், தண்ணி மூக்குல ஏறிருச்சு. இன்னொரு வாட்டி ட்ரை பண்றேனே.”

“மூண்டு தரம் பாத்தாச்சு. இண்டைக்குத்தான் கடைசி நாள். இந்த முறை நீ வர ஏலாது.”

அவ்வளவுதான். டீச்சர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

அலோர் காஜாவிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் பதினான்கு பேர் கடல் தாண்டிச் சபா மாநிலத்துக்குக் கிளம்ப ஏற்பாடு. ஐந்து நாள் படகிலேயே தங்கி, தீவு தீவாகப் போய், ஆமை, கடல் பறவை, நீள மூக்குக் குரங்கு எல்லாம் பார்க்கிற பயணம். ரிட்டயரான அறிவியல் ஆசிரியை அன்னபாக்கியம்தான் தலைவி. என்ன தொப்பி, என்ன மாத்திரை, பை எத்தனை கிலோ, எல்லாம் அவர் போட்ட பட்டியல். அதில் முதல் வரியே, ‘லைஃப் ஜாக்கெட் இல்லாமல் பத்து நிமிஷம் மிதக்க வேண்டும்.’

மோகனாவின் கணவன் வடிவேலு லோரி ஓட்டுகிறவன். சின்ன வயதில் தோட்டத்து ஆற்றில் குதித்து வளர்ந்தவன். முதல் நாளே பாஸ். பள்ளி கேன்டீனில் சமைக்கும் மோகனாவோ ஐம்பத்து நாலு வயது வரை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. ரெண்டு மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் வந்து, தாரணி என்ற கோச்சிடம் பழகினாள்.

திரும்பும்போது காரில் அவள் கண்ணைத் துடைத்தாள்.

“அழாத புள்ள” என்றான் வடிவேலு.

“அழல. குளோரின் எரியுது.”

“நாலே நாலு நிமிஷம்லா! படகுல எல்லாரும் ஜாக்கெட் போட்டுக்கிட்டுத்தான இருக்கப் போறோம்? என்னா மிதப்பு அந்தம்மாவுக்கு! நாமெல்லாம் எஸ்டேட் ஆளுங்க, அதான் இளப்பம்.”

“சும்மா வாங்க.”

வீட்டில் மோகனா பயணப் பையைத் திறந்தாள். கிளேபாங் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் தேடி வாங்கிய ரப்பர் செருப்பை எடுத்து, வாசலில் பழைய செருப்புகளோடு வைத்தாள்.

வடிவேலுவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ‘முட்டை போடறப்ப ஆமை கண்ணுல தண்ணி வருமாங்க, அதப் பாக்கணும்’ என்று ரெண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள்.

மறுநாள் காலை தங்கா பத்துவில் டீச்சர் வீட்டு கேட்டின் முன் கார் நின்றது. அவன் சண்டை போடாமல் தடுக்கத்தான் மோகனாவும் கூட வந்திருந்தாள்.

ஹாலில் டீச்சரின் கணவர் குலம் தரையில் உட்கார்ந்து, பையில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று டீச்சர் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார்.

“இருங்கோ தம்பி. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?”

“அதெல்லாம் வேணாம் டீச்சர். ஒரு நாயம் கேக்கணும். ரெண்டு மாசம் உயிரக் குடுத்துப் பழகுனா. நாலு நிமிஷத்துக்காகக் கழட்டி விட்டுருவீங்களா?”

“பெரிய படகில இருந்து சின்னப் படகுக்கு மாறேக்கை ஆள் தவறி விழுந்தா, திரும்பி வந்து தூக்கப் பத்து நிமிஷம் பிடிக்குமாம். படகுக்காரரே சொன்னவர். ஜாக்கெட் கழண்டா இவ என்ன செய்வா?”

“டாக்டர் வீட்டு அம்மாவா இருந்தா இப்படிச் சொல்வீங்களா?”

மோகனா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குலத்தின் கை அடுக்குவதை நிறுத்தியது.

“ஆரா இருந்தாலும் சொல்லுவன்” என்றார் டீச்சர். கோபப்படவில்லை. மோகனா பக்கம் திரும்பினார். “செப்டம்பர்ல இன்னொரு படகு போகுது. நேத்தே போன் பண்ணி ரெண்டு இடம் சொல்லி வச்சிட்டன். தாரணியிட்டையும் கதைச்சாச்சு. இனிச் சனியோட புதனும் வகுப்பு.”

மோகனா வடிவேலுவின் சட்டையை விட்டாள்.

“செப்டம்பர்லயும் ஆமை முட்டை போடுமா டீச்சர்?”

“போடும்.”

வடிவேலுவின் குரல் இறங்கியது. “ரெண்டு இடமா? சந்தோசம் டீச்சர். அப்ப நான் இப்ப வரல. செப்டம்பர்ல இவளோடயே போய்க்கிறேன்.”

“அது உங்களுக்கில்லை, தம்பி. நீங்கதான் பாஸ் ஆச்சே. இப்ப இவரோட போங்கோ.”

“எனக்கில்லையா? அப்ப அந்த இன்னொரு இடம் யாருக்கு?”

“தேத்தண்ணி கொண்டு வாறன்” என்று டீச்சர் வேகமாக உள்ளே போய்விட்டார்.

வடிவேலு விடவில்லை. “பாத்தீங்களா சார்? கேட்டா பதில் இல்ல. வேண்டப்பட்டவங்க யாருக்கோ பிடிச்சு வச்சிருக்காங்க.”

குலம் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“வெளியில சொல்லாதைங்கோ தம்பி. நேத்து நீங்க எல்லாரும் போன பிறகு, தாரணி உங்கட டீச்சரையும் தண்ணியில இறக்கி நேரம் பாத்தவள். மூண்டு நிமிஷம்தான்.”